ஃபெர்மினின் பதினான்கு பொறிகள்

13 ஜனவரி 2014
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

டொமிங்கோ,

அண்ணி லோரேன் எழுதுகிறேன். நலமா என்று கேட்கத்தான் வேண்டும். சிறையில் இருப்பவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று இரண்டு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

உன் அண்ணன் ஃபெர்மின் சனிக்கிழமை இறந்துவிட்டார். மாரடைப்பு. தோலுக்காகக் காட்டுப்பூனைகளுக்கு வைத்த பொறிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்திக் கைபிரேக்கையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பனி அள்ளும் வண்டிக்காரர்தான் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம். "யாருக்கோ வழி விட்டு நிக்கிறார்னு நெனச்சேன்மா" என்றார் என்னிடம். வியாழக்கிழமை அடக்கம்.

நான் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அன்று மதியம் பூண்டு சூப் வைத்திருந்தேன், இரண்டு பேருக்கு. இன்னும் பானையில் இருக்கிறது. பக்கத்துப் பண்ணை மாய்ட்டே வந்து, "அழுதுடு லோரேன், உள்ளயே வச்சுக்காத" என்றாள். காபி வேண்டுமா என்று கேட்டேன்.

மண்டைக்குள் ஓடுவது ஒன்றுதான். மலையில் அவருடைய பொறிகள் பதினான்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. எண்ணிக்கை சமையலறைக் காலண்டரில் இருக்கிறது, அவர் கையெழுத்தில். நான்கு நாளைக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவர் மூன்றாம் நாளே கிளம்பிவிடுவார். "கால் மாட்டுன மிருகத்தக் காக்க வைக்கிறவன் எல்லாம் மனுஷனா?" என்பார். உன்னால் மூன்று குளிர்காலம் உரிமம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த நவம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு பொறியிலும் தகட்டில் அவர் பெயர் இருக்கிறது. அதில் ஒரு பூனை கேட்பாரற்றுச் செத்தால், மண்ணுக்குள் போன பிறகும் அவர் பெயர் கெட்டுப்போகும்.

புதன்கிழமையோடு நான்கு நாள் முடிகிறது. இடங்கள் எனக்குத் தெரியாது. பொறி வைக்கிறவன் பெண்டாட்டியிடம்கூட இடத்தைச் சொல்லமாட்டான். தெரிந்த ஒரே ஆள் நீதான்.

உன்னிடம் உண்மையைச் சொன்னால் உடைந்துபோவாய். உடைந்துபோனவன் வழி சொல்லமாட்டான். அதோடு, நீ மாதாமாதம் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் எழுதாத மனுஷன் இனிமேல் எழுதவே மாட்டார் என்று எந்த வாயால் உனக்குச் சொல்வது? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதை அனுப்பப்போவதில்லை. வேறு எழுதுகிறேன்.

லோரேன்


13 ஜனவரி 2014

அன்புள்ள டொமிங்கோவுக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே குளிருக்குப் போர்வை போதுமானதாகக் கொடுக்கிறார்களா? உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் உன் அண்ணன் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பொறிகள் மலையில் கிடக்கின்றன. பதினான்கு. நான் போய் எடுத்து வருகிறேன், இடத்தைச் சொல்லுங்கள் என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருடைய பிடிவாதம் உனக்குப் புதிதா என்ன? அவருக்குத் தெரியாமல்தான் உன்னைக் கேட்கிறேன். தெரிந்த இடங்களை எல்லாம் உடனே எழுது. கடிதத்தை என் பெயருக்கே போடு. சீக்கிரம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி லோரேன்


21 ஜனவரி 2014

அன்புள்ள அண்ணிக்கு,

மிங்கோ எழுதுகிறேன். உயிரோடும் கொஞ்சம் தொப்பையோடும் இருக்கிறேன். வயிற்றுவலி போய்ப் பல்வலி வந்திருக்கிறது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உங்கள் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று பயந்தே போனேன். இடுப்புதானே! அப்பாடா.

கிழட்டுக் கடா விழுந்ததா? நாற்பது வருஷம் ஆட்டுக்குப் பின்னாலும் பூனைக்குப் பின்னாலும் ஓடிய ஆள் கொஞ்சம் படுக்கட்டும். "முழங்கால் வளையாத ஆளுக்கு இடுப்பு ஒடிஞ்சுதான் வளையணும்னு இருந்திருக்கு" என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

பனியில் பூனைத்தடம் தெரியுமா உங்களுக்கு? வட்டமாக, நகம் பதியாமல் இருக்கும். நகம் தெரிந்தால் அது நரி அல்லது ஓநாய்க்குட்டி, விட்டுவிடுங்கள். ஆழமான பனி பூனைக்கு ஆகாது, குட்டைக் கால். அதனால் பாறைச்சுவரின் அடியை ஒட்டி, வெயில் விழும் பக்கமாகவே நடக்கும். அண்ணன் அந்த வழியில்தான் வைப்பான். நாய் மூக்கை நம்பும், பூனை கண்ணை நம்பும். பக்கத்தில் ஏதாவது மரத்தில் வாத்து இறக்கை ஒன்று கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். அது என்ன என்று பார்க்க வந்துதான் பூனை மாட்டும். நீங்கள் பொறியைத் தேடாதீர்கள், இறக்கையைத் தேடுங்கள். இறக்கை தெரிந்ததும் நின்றுவிடுங்கள். குச்சியால் தரையைத் தட்டித் தட்டித்தான் கிட்டே போக வேண்டும்.

உடைந்த காற்றாலைக்கு மேற்கே இருக்கும் பாறைச்சுவரில் இரண்டு. ஆட்டுப்பட்டி ஓடை வளையும் இடத்தில் இரண்டு, எதிரெதிர்க் கரையில். ஊசிப்பாறைக்குக் கீழே பூனைகள் வரிசையாக வந்து மண்ணைக் கீறி எச்சம் போடும் இடம் ஒன்று உண்டு, வாசனையே சொல்லும். அங்கே ஒன்று. பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வாயில் ஒன்று. ஜூனிபர் மரம் மூன்று சேர்ந்து நிற்கும் கணவாயில் மூன்று. இந்த ஒன்பதையும் அவன் மாற்றியிருக்கமாட்டான்.

மீதி ஐந்தும் புதிதாகப் பார்த்த இடமாக இருக்கும். யோசித்து எழுதுகிறேன்.

அண்ணி, ஒன்று கேட்கட்டுமா? என் கடிதங்களை அவன் படிக்கிறானா? பதில் வேண்டாம். திட்டினான் என்றால்கூட அந்தத் திட்டை எழுதுங்கள். அது போதும் எனக்கு.

நீங்கள் தனியாக மலைக்குப் போகாதீர்கள்.

மிங்கோ


1 பிப்ரவரி 2014

அன்புள்ள டொமிங்கோ,

உன் பல்லுக்குக் கிராம்பு கிடைக்குமா அங்கே? கிடைத்தால் கடித்துக்கொள். நான் சுகம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மறுநாள் எழுந்திருக்கிறேன்.

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. நான் தனியாகப் போகவில்லை. வனவிலங்குத் துறையில் ஷெல்பி என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயது இருக்கும், சத்தமாகப் பேசுவாள். பூனைகளைப் பிடித்துச் சிக்னல் அனுப்பும் கழுத்துப்பட்டை மாட்டி, எங்கே போகிறது, எங்கே குட்டி போடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. நான் போய்க் கேட்டதும் வேறு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தாள். உன் அண்ணனின் வண்டித்தடத்தைப் பிடித்துக்கொண்டு உன் கடிதத்துக்கு முன்பே மூன்றை எடுத்துவிட்டோம். கடிதத்தை வைத்து மீதி ஆறு. நீ சொன்ன ஒன்பதும் வீட்டில் இருக்கின்றன. கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டேன்.

சுரங்கத்தின் வாயில் ஒரு கடுவன் பூனை இருந்தது. முதல் நாள் இரவுதான் மாட்டியிருக்கும் என்றாள் ஷெல்பி. காதை மடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் துப்புவது போல ஒரு சத்தம் போட்டது. ஷெல்பி நீளக்கழியில் இருந்த சுருக்கைக் கழுத்தில் போட்டு அழுத்திக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் மிதிக்கணும். பொறியோட ரெண்டு பக்கமும் சேத்து மிதிங்க. அது மூஞ்சியப் பாக்காதீங்க" என்றாள். மிதித்தேன். பொறியின் வாய் திறந்ததும் பூனை ஓடவில்லை. பத்தடி போய் உட்கார்ந்து காலை நக்கியது. குட்டைவாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு, எங்களை அங்கேயே நிற்கவைத்துவிட்டுப் பாறைமேல் ஏறிப் போனது. ஷெல்பி சிரித்தாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கணவாயில் ஒரு பொறியில் பூனையின் கால்விரல் ஒன்று மட்டும் இருந்தது.

பட்டை போட்ட பெட்டை ஒன்று இந்த மலையில் சுற்றுகிறதாம். பதினேழாம் நம்பர். போன வருடம் மூன்று குட்டி வளர்த்து ஆளாக்கியதாம். "அவ எங்கயும் மாட்டாம இருக்கணும்க்கா, எனக்கு அதான் கவலை" என்கிறாள். மீதி ஐந்து இடத்தையும் யோசித்துச் சீக்கிரம் எழுது.

உன் அண்ணன் படுத்தேதான் இருக்கிறார். வலி இல்லை. சத்தம் போடுவதில்லை. உன் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

அண்ணி லோரேன்


10 பிப்ரவரி 2014

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். என்னோடு அறையில் இருக்கும் கிழவர், "காதல் கடிதமாடா?" என்றார். "பூனைக் கடிதம்யா" என்றேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கிராம்புக்கு வேலையில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடி அந்த மலையில் நடந்து பார்த்தேன். அண்ணனாக ஒரு தரம், பூனையாக ஒரு தரம். தீ பிடித்து எரிந்த சரிவில் இந்நேரம் புதர் திரும்ப முளைத்திருக்கும். புதர் வந்தால் முயல் வரும், முயல் இருக்கும் இடத்தில் பூனை பதுங்கும். அந்தச் சரிவின் மேல் ஓரத்தில் ஒன்று இருக்கும். ஓடை உறைந்தால் பூனை கரை மாறுவதற்குச் சாய்ந்த மரம் ஒன்றைத்தான் பாலமாக வைத்துக்கொள்ளும், ஈரத்தில் கால் வைக்க அதற்குப் பிடிக்காது. இரட்டைப் பாறைக்குக் கீழே அப்படி ஒரு மரம் கிடக்கிறது. அங்கே ஒன்று. இன்னொன்று ஆடுகள் நக்க உப்புக்கல் வைக்கும் மேட்டுக்குப் பின்னால் பாருங்கள். குளிரில் செத்த மானைப் பூனை அங்கே இழுத்துப்போட்டுப் புல்லும் பனியும் போட்டு மூடி வைத்துத் தின்னும். அண்ணன் அதை ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறான்.

மற்றது எனக்குத் தெரியவில்லை.

அண்ணி, இதை அவனிடம் படித்துக்காட்டுங்கள். நான் எழுதினால் பிரிக்கமாட்டான் என்று தெரியும். நீங்கள் படித்தால் காதை மூடிக்கொள்ள முடியாதல்லவா.

அண்ணா, எல்லைக்கு அந்தப் பக்கம் ஐடஹோ மாநிலத்தில் வேட்டைப் பருவம் முடிந்த பிறகு நான் திருட்டுத்தனமாகப் பிடித்த பூனைகளின் தோலை, நீ பிடித்ததாகக் காட்டி உன் பெயரில் முத்திரை குத்தினேன். பத்தொன்பது தோல். உன்னிடம் கேட்டால் அடிப்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. கோர்ட்டில் நீ என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாய். மூன்று குளிர்காலம் உன்னை வீட்டில் உட்காரவைத்தேன். அதற்குச் சிறை போதாது என்று எனக்குத் தெரியும். மே மாதம் விடுகிறார்கள். என்னை மன்னிக்க முடியுமா? ஒரு வார்த்தை அண்ணியிடம் சொல்.

அவ்வளவுதான். மானம் கெட்டுப்போய்க் கேட்கிறேன், கேலி பண்ணாதே.

மிங்கோ


19 பிப்ரவரி 2014

அன்புள்ள டொமிங்கோ,

சுகம். பல் பிடுங்கிய இடத்தில் சூடாக எதுவும் படாமல் பார்த்துக்கொள்.

நீ சொன்ன மூன்று இடமும் சரியாக இருந்தன. சாய்ந்த மரத்தில் இருந்த பொறியில் எதுவும் இல்லை, பனி மூடி உறைந்திருந்தது. ஷெல்பி வெந்நீர் ஊற்றிப் பிரித்தாள். இன்னொன்றை அவளே கண்டுபிடித்தாள், பண்ணைக் கேட்டுக்குப் பக்கத்தில். ஆக, பதின்மூன்று. ஒன்று பாக்கி. வேட்டைப் பருவம் நாளையோடு முடிகிறது. அந்த ஒன்று எங்கே என்று தெரியாமல் எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

நீ எழுதியதைப் படித்துக்காட்டினேன். சரி என்றார்.

அண்ணி லோரேன்


16 மார்ச் 2014

அன்புள்ள டொமிங்கோ,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா? வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களா? போன மாதம் எழுதியது கிடைத்ததா? நான் சுகம்.

ஷெல்பி விமானத்தில் ஏறி மலையைச் சுற்றிப் பார்த்தாள். மற்ற பட்டைகள் எல்லாம் பேசுகின்றன, பதினேழு மட்டும் பேசவில்லை. "பாறை இடுக்குக்குள்ள கெடந்தா சிக்னல் வெளிய வராதுக்கா" என்றாள். "கெடந்தா" என்று அவள் சொன்னதை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

இரண்டு பேரும் நாள் முழுக்க நடந்தோம். வாத்து இறக்கை எதுவும் கண்ணில் படவில்லை. நீ ஏதாவது ஓர் இடத்தை மறந்திருப்பாய். நினைத்துப் பார். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரையும் கெஞ்சுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அண்ணி லோரேன்


24 மார்ச் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதாதது என் தப்பு. வேறு காரணம் இல்லை.

செம்பாறை இடுக்கு. வெள்ளிச் சுரங்கத்தைத் தாண்டி, ஐடஹோப் பக்கம் போகும் பழைய பாதையில் இரண்டு மைல். சிவப்புப் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். வண்டி போகாது. உள்ளே இடது பக்கம் ஒரு குடைவு, பனி விழாது, காலையில் நேராக வெயில் அடிக்கும். தகர மூடி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பான், அங்கே வெயிலுக்கு இறக்கையைவிடத் தகரம்தான் மின்னிப் பூனையின் கண்ணை இழுக்கும்.

அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

டொமிங்கோ


2 ஏப்ரல் 2014

டொமிங்கோ,

நான் நலம்தான். நீயும் அப்படி இருந்துகொண்டு இதைப் படி. உட்கார்ந்து படி.

செம்பாறையில் இருந்தது. தகர மூடி வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பதினேழாம் நம்பர் சுருண்டு கிடந்தாள். தூக்கினால் கனமே இல்லை. சங்கிலி எட்டும் தூரம் வரைக்கும் மண்ணைக் கீறி, வட்டமாக ஒரு பள்ளமே போட்டிருந்தாள். பொறித் தகட்டில் அவர் பெயர் பளிச்சென்று இருந்தது.

ஷெல்பி பட்டையைக் கழற்றிக் கணினியில் மாட்டிப் பார்த்தாள். அவள் சத்தமாகப் பேசவில்லை. "ஜனவரி முப்பதாம் தேதி காலைல இங்க வந்திருக்காக்கா. அதுக்கப்புறம் எங்கயும் போகல."

"எத்தன நாள்?"

"வேணாம்க்கா."

"சொல்லு."

"அஞ்சு நாள் அசைஞ்சிருக்கா."

உன் முதல் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. நான் அதை நினைத்துக்கொண்டே நின்றேன். மூன்று நாள் இருந்திருக்கிறது. ஆனால் அதில் இந்த இடம் இல்லை.

இறங்கி வந்து அலுவலகத்தில் படிவம் எழுதினாள். பொறிக்கு உரியவர் பெயர் என்று ஒரு கட்டம். "இறந்துட்டார்னு எழுதி மூடிடலாம்க்கா, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றாள். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். "அவர் பேர எழுதாத. அவர் எதையும் நாலு நாளுக்கு மேல விட்டதில்ல. ஜனவரி பதினொண்ணுலேருந்து அந்தப் பொறி என்னோடது" என்றேன். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அபராதம் வரலாம், விசாரணை வரலாம் என்றாள். வரட்டும்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் அண்ணன் ஜனவரி பதினொன்றாம் தேதி இறந்துவிட்டார். மாரடைப்பு. வண்டியில். இடுப்பு உடைந்தது பொய். சுவர்ப்பக்கம் திரும்பினார் என்றது பொய். உன்னிடம் இடம் வாங்கவேண்டும் என்று தொடங்கியது, பிறகு நிறுத்தத் தெரியவில்லை. உன் கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை. அலமாரியில் இருபத்திரண்டு இருக்கின்றன. பிப்ரவரியில் அவர் "சரி" என்று சொல்லவும் இல்லை. அதை எழுதும்போது என் கை கூசவில்லை என்பதுதான் இப்போது எனக்குக் கேவலமாக இருக்கிறது.

இன்னும் நான் அழவில்லை. ஒரு மரக்கட்டை வீட்டுக்குள் நடமாடுகிறது, அவ்வளவுதான்.

லோரேன்


10 ஏப்ரல் 2014

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடி இருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். என்னைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அண்ணனின் சேணத்தை மழையில் போட்டுவிட்டேன் என்று பதினோரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவன் அவன். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "உப்பக் குடுக்கச் சொல்லு அவன்கிட்ட" என்று அவன் அவளிடம் சொல்ல, ஒவ்வொன்றையும் வாங்கிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவன் பத்தொன்பது தோலுக்கு ஒரே நாளில் சரி என்றானாம். உயிரோடு இருக்கும் ஃபெர்மின் முதலில் என்னை நன்றாகத் திட்டியிருப்பான். மே மாதம் வாசலில் நிற்கவைத்திருப்பான். அந்த வரியைப் படித்ததும் அவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நான்கு வாரம் எழுதாததற்குக் காரணம் அதுதான். எழுதினால் கேட்க வேண்டும். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். கேட்காதவரைக்கும் அவன் அங்கே படுக்கையில் கிடந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. செம்பாறை எனக்கு ஜனவரியிலேயே தெரியும். அந்த மலையிலேயே பூனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. என்னிடம் கோபம் என்பதற்காக அண்ணன் அதை விட்டிருக்கமாட்டான், அவனுக்குக் கோபம் வேறு, பூனை வேறு. அங்கேதான் நான் ஐடஹோத் தோல்களை ஒளித்துவைத்திருந்தேன். அங்கேதான் அவன் அதைக் கண்டுபிடித்தான். "இந்த எடத்தோட பேர இனிமே உன் வாயால சொன்னேன்னா நான் உனக்கு அண்ணன் இல்ல" என்றான். அவன் படுக்கையில் இருக்கிறான், நீங்கள் என் கடிதத்தைப் படிப்பது அவன் காதில் விழும் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். மற்றது தெரியவில்லை என்று பிப்ரவரியில் எழுதியதும் பொய்தான். அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் நான்கு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பொறி அங்கே திறந்து கிடக்கும் என்று தெரிந்தே.

ஆகவே, அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. ஷெல்பியிடம் கொடுக்க ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. விடுதலைக்கு முன்னால் இது வேண்டுமா என்றார் அறைக் கிழவர். வேண்டும்.

மே இருபதாம் தேதி விடுகிறார்கள். போகிற இடம் என்று அண்ணன் வீட்டை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். ரீனோ நகரில் விடுதி ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். 'சரி' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. பொய் என்று தெரிந்தும் நான்கு வாரம் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

மிங்கோ


19 ஏப்ரல் 2014

அன்புள்ள டொமிங்கோ,

உன் உடம்பு எப்படி? நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை ஷெல்பியிடம் கொடுத்தேன். படித்தாள். பிறகு அதையும் என் படிவத்தோடு சேர்த்துப் பின் பண்ணினாள். "ரெண்டு பேருமா?" என்றாள். "ரெண்டு பேரும்தான்" என்றேன். என் பெயரை நான் எடுக்கவில்லை. உன் பெயர் அதற்குக் கீழே இருக்கட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். செம்பாறையை நீ எழுதியிருந்தால் இருபத்தெட்டாம் தேதியே போயிருப்பேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ எழுதியிருப்பாய். இதை எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அவளிடம்தான் போய் முடிகிறது. அந்த ஐந்து நாளும் நான் இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். ரொட்டி சுட்டிருக்கிறேன். துணி துவைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் உன்னை மன்னித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தும் தெரியாது. தெரிந்தது போல இனி எழுதமாட்டேன். அந்த வார்த்தையை அவர் பெயரில் எழுத எனக்கு உரிமை இல்லை. என் பெயரில் எழுத இருக்கிறது.

ரீனோ விடுதியை அடித்துவிட்டு இந்த வீட்டு முகவரியை எழுதிக் கொடு. அண்ணன் வீடு என்று போடாதே, அண்ணி வீடு என்று போடு.

சரி, டொமிங்கோ. இதைச் சொல்வது நான்.

லோரேன்